“சும்மா பகிடிக்குச் சொன்ன”: அன்றாடப் பேச்சில் பகிடியின் பொருளும் புழக்கமும்

“சும்மா பகிடிக்குச் சொன்ன” என்ற தொடரை ஒரு நாளில் எத்தனை தடவை கேட்கிறோம், எத்தனை தடவை நாமே சொல்கிறோம் என்று யாரும் கணக்கு வைத்திருப்பதில்லை. வகுப்பறையில், சந்தையில், பள்ளிவாசல் ஹவ்ளடியில், கல்யாண வீட்டுப் பந்தலில், சில வேளை மையத்து வீட்டு முற்றத்திலும் அது காதில் விழுகிறது. இத்தொடரில் முதலில் கவனிக்க வேண்டியது அது வந்து விழும் இடம். “இப்ப ஒரு பகிடி செல்லப் போறன்” என்று யாரும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, கேட்டவரின் முகம் கறுத்த பிறகுதான் இத்தொடர் வெளியே வருகிறது. முகம் கறுக்காவிட்டால் இதற்குத் தேவையே இல்லை. கொடுத்த அடியை வாபஸ் வாங்குகிற தொடர் இது. அடியின் வலியை அது வாபஸ் வாங்குவதில்லை.

இலக்கணக்காரனின் கண்ணுக்குப் படுகிற இன்னொன்றும் உண்டு. நம்மவர் பேச்சில் ‘சொன்ன’ என்ற வினைக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை விகுதி இல்லை. நான் சொன்ன, நீ சொன்ன, அவர் சொன்ன - எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். “பகிடிக்குச் சொன்ன” என்னும்போது சொன்னவர் யார் என்பது வினையிலிருந்தே கழன்றுவிடுகிறது. இதன் மேல் பெரிய கோட்பாடு எதையும் நான் கட்டப் போவதில்லை. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் மனதில் தட்டுப்படுகிறது.

சிரிப்போடு தொடர்புடைய பேச்சுக்கு நம்மிடம் சொற்பஞ்சம் கிடையாது. பகிடி, கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, சொட்டை, நளினம் என்று வரிசையாக உண்டு. எழுத்துத் தமிழில் நளினம் என்றால் மென்மை, ஒயில். நம் நாட்டுப் பேச்சில் ஒருவரை நளினம் பண்ணுவது என்றால் அவரைச் சிறுமைப்படுத்திச் சிரிப்பது. இச்சொற்களிடையே காரத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பகிடிதான் இருப்பதில் காரம் குறைந்தது. அதனால்தான் மற்றவை எல்லாம் அதன் போர்வைக்குள் ஒளிந்துகொள்கின்றன. “சும்மா நக்கலுக்குச் சொன்ன” என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? நக்கல் அடித்தவனும், சொட்டை சொன்னவனும், நளினம் பண்ணியவனும் பிடிபடும்போது பகிடி என்ற வாசல் வழியாகத்தான் வெளியே ஓடுகிறார்கள்.

தமிழ்த் திறனாய்வு மரபில் சிரிப்பைப் பற்றிய பேச்சு தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் தொடங்குகிறது. எட்டு மெய்ப்பாடுகளில் நகைக்கே முதலிடம். அந்த நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கையும் தொல்காப்பியர் தருகிறார். நான்கிலும் எள்ளலே முதலாவது. அடுத்த மூன்றும், அதாவது சிறுபிள்ளைத்தனமும் அறியாமையும் வெகுளித்தனமும், யாரிடமோ இருக்கின்றன. நாம் கண்டு சிரிக்கிறோம். எள்ளல் மட்டும் ஒருவர் மற்றவருக்குச் செய்கிற காரியம். பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புக்கலை படித்த காலத்தில் இந்த நான்கையும் உதாரணங்களோடு மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். அதன் பொருள் எனக்கு விளங்கியது பல வருடங்களுக்குப் பிறகு. விளங்க வைத்தவன் ஒரு மாணவன்.

அப்போது நான் உயர்தர வகுப்புக் கலைப்பிரிவுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு செய்யுளின் சுவையை விளக்கப் போய், பாடத்துக்குத் தேவையோ இல்லையோ, மெய்ப்பாட்டியலை இழுத்துக்கொண்டு வந்து அந்த நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு பொடியனை எழும்பி வாசிக்கச் சொன்னேன். வாசிப்பில் கொஞ்சம் தடுமாறுகிறவன். “எள்ளல், இளமை, பேதைமை, மடையன்” என்றான்.

நான் உடனே சொன்னேன்: “இடாப்புக் கூப்பிட்டு முடிஞ்சி. இப்ப ஏன்டா உன்ட பேரச் செல்ற?”

வகுப்பே வெடித்தது. எல்லோரையும் விட அவன்தான் அதிகம் சிரித்தான், தலையைக் குனிந்துகொண்டு. நகைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. ஆசிரியர் ஓய்வறையில் போய் இதைச் சொல்லி அங்கும் சிரிப்பு வாங்கினேன். அடுத்த கிழமையே அவனுக்கு ‘மடன்’ என்று பேர் விழுந்துவிட்டது. மைதானத்தில் “மடனுக்குப் பாஸ் பண்ணுடா” என்று கத்தினார்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவன் சிரித்தான். அடுத்த தவணையில் தமிழை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்தான். அவன் எந்த வகுப்பிலும் வாய்விட்டு வாசிக்கிறான் இல்லை என்று சக ஆசிரியர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என் மனதில் இருந்த சமாதானம் ஒன்றே ஒன்றுதான்: அவனும் சிரிச்சான்தானே.

இந்தச் சமாதானத்தை உடைத்தது மெய்ப்பாட்டியலுக்குப் பேராசிரியர் எழுதிய உரை. வேறு எதற்கோ அதைத் திரும்பப் புரட்டியபோது, எள்ளலுக்கு அவர் சொல்லும் விளக்கம் கண்ணில் பட்டது. எள்ளல் இரண்டு வகை என்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது இன்னொன்று. படித்த காலத்தில் இந்த இரண்டாவது வகையை ஒரு வகைப்பாட்டுக் கணக்காகத்தான் மனதில் வைத்திருந்தேன். எள்ளப்பட்டவனும் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பு எள்ளியவனின் சிரிப்பிலிருந்து பிரித்து எண்ண வேண்டிய வேறொன்று என்பதை அந்த உரைகாரர் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதி வைத்திருக்கிறார். ஒரு வகுப்பறையில் முப்பது பேர் சிரித்தால் அது முப்பது பேரின் ஒரே சிரிப்பு இல்லை. இருபத்தொன்பது பேர் ஒரு வகை. ஒருவன் மட்டும் மற்ற வகை.

அதே உரையில் மடன் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. பிறர் உணர்த்தியதை அப்படியே பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருப்பதுதான் மடன். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் போட்டுக் கொடுத்த பேரைப் பற்றிக்கொண்டு இரண்டு வருடம் விடாமல் கூப்பிட்ட அந்த வகுப்புக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும். எனக்கும்தான்.

சிரித்தான் என்பது சம்மதித்தான் என்பதற்குச் சாட்சி ஆகாது. பகிடியை நாம் எடைபோடும்போது வழக்கமாக இரண்டு விடயங்களைப் பார்க்கிறோம். சொன்னவரின் நோக்கம் என்ன என்பது ஒன்று. கேட்டவர்கள் சிரித்தார்களா என்பது மற்றது. இரண்டும் உதவாது என்பதே என் வாதம். நோக்கம் சொன்னவரின் நெஞ்சுக்குள் இருக்கிறது, அதற்கு அவரே சாட்சி. சிரிப்போ நான் மேலே சொன்ன மாதிரி இரண்டு வகை. பார்க்க வேண்டியது பகிடிக்கு ஆளானவர் திருப்பிச் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தாரா என்பதை.

சிக்மண்ட் புரொய்ட் 1905 இல் நகைச்சுவை பற்றி எழுதிய நூலில், ஒருவரைத் தாக்கும் பகிடிக்கு மூன்று பேர் வேண்டும் என்றார். சொல்பவர், சொல்லுக்கு ஆளாகிறவர், கேட்டுச் சிரிக்கிற மூன்றாமவர். பகிடி உண்மையில் அந்த மூன்றாமவரை நோக்கித்தான் சொல்லப்படுகிறது. நான் அந்தப் பொடியனிடம் பேசுவது போல வகுப்பிடம் பேசினேன். அவன் வெறும் பொருள். ‘டா’ போட்டு அவனை விளித்ததெல்லாம் பாவனை.

மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுண் 1940 இல் எழுதிய கட்டுரை ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கம் அனுமதி தருகிறது, சில இடங்களில் கேலி செய்தே ஆக வேண்டும் என்கிறது, கேலிக்கு ஆளானவர் கோபிக்கக் கூடாது என்றும் விதிக்கிறது என்று அவர் காட்டினார். இதை விளங்கிக்கொள்ள நமக்கு ஆபிரிக்கா வரை போகத் தேவையில்லை. கிழக்கிலே மச்சானும் மச்சானும், மச்சானும் மதினியும் பேசிக்கொள்வதைக் கேட்டால் போதும். பாவாவிடம் மூச்சு விடாதவன் மச்சானைக் கண்டதும் வாய் திறக்கிறான். ராட்கிளிஃப் பிரவுண் இதில் இரண்டு வகையைப் பிரிக்கிறார். ஒன்றில் இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்யலாம். மற்றதில் ஒருவர் மட்டுமே செய்வார். மற்றவர் பொறுத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். மச்சான் உறவு முதல் வகை. இன்று நீ, நாளைக்கு நான்.

இந்த நாட்டில் ‘மச்சான்’ என்ற சொல் உறவை விட்டு வெளியேறி, தமிழிலும் சிங்களத்திலும் எந்தக் கூட்டாளியையும் கூப்பிடுகிற சொல்லாகிவிட்டது. அழகான பரவல்தான். ஆனால் சொல்லோடு கேலியின் உரிமம் மட்டும் பரவியது, திருப்பிச் சொல்கிற உரிமை கூடவே வந்து சேரவில்லை. மேலதிகாரி கீழே வேலை செய்கிறவனை “என்ன மச்சான்” என்று தோளில் தட்டிக் கேலி பண்ணலாம். அவன் அதே ‘மச்சான்’ போட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும் பார்ப்போம்.

பகிடிக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. திருப்பிச் சொல்ல முடிந்த பகிடி எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதை 2005 இன் தொடக்கத்தில் என் கண்ணால் பார்த்தேன். சுனாமி வந்துபோய்ச் சில வாரங்கள். பாடசாலைக் கட்டடங்களில் முகாம்கள். வெளிநாடுகளிலிருந்து வந்த நிவாரண உடுப்பு மூட்டைகளில் பனிக்காலத்துக் கோட்டுகளும் கிடந்தன. கரைவலைத் தொழில் செய்த ஒரு பெரியவர், எரிக்கிற வெயிலில் சாரத்துக்கு மேலே முழங்கால் வரை நீண்ட தடித்த கோட்டொன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். போட வேறு சட்டை இல்லை. அவருடைய மச்சான் முறையான ஒருவர் படியில் இருந்தபடி, “என்ன மச்சான், சுவிஸ் மாப்புள மாதிரி இரிக்கி” என்றார். பெரியவர் கோட்டின் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: “மாப்புள சரிதான். சீதன ஊட்டத்தான் கடல் எடுத்திட்டு.”

ஒரு நொடி யாரும் மூச்சு விடவில்லை. பிறகு சிரிப்பு. பெண்கள் இருந்த வகுப்பறையிலிருந்தும் சிரிப்புக் கேட்டது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற நமது ஊர்களில், அந்தப் பதிலுக்குள் எத்தனை குடும்பங்களின் இழப்பு இருந்தது என்பதை அங்கிருந்த எல்லோருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேலியைத் தொடங்கியவரின் வீடும் போய்விட்டிருந்தது. அன்று அவர்கள் இருவரும் சமம்.

இன்னொன்று, இலேசானது. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு மலையக நண்பர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் “எங்கட தாத்தாவுக்குக் கலியாணம், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும்” என்றேன். அவர் திகைத்துப் போய், “தாத்தாவுக்கா? என்ன வயசு?” என்றார். “இருவத்திரண்டு” என்றேன். நமக்குத் தாத்தா மூத்த சகோதரி, அவருக்குத் தாத்தா பாட்டனார். காக்காவும் இப்படித்தான், நமக்கு மூத்த சகோதரர், மற்றவர்களுக்குப் பறவை. அன்று அறையே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் என்னைக் காணும்போதெல்லாம் “பேரப்பிள்ளை சுகமா?” என்று கேட்பார். நானும் அவருடைய பேச்சில் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். அது இங்கே வேண்டாம். இதே காக்கா பகிடியை அரச அலுவலகம் ஒன்றில் மேசைக்கு மறுபக்கம் இருக்கும் ஒருவர் சொன்னால்? சொற்கள் ஒன்றுதான். கையில் படிவத்தோடு நிற்கிறவனுக்குப் பதில் சொல்ல வாயில்லை.

தமிழ்ச் சினிமாப் பகிடிகளின் செல்வாக்கு நம் பிள்ளைகளின் பேச்சில் அதிகம் என்று நாம் குறைபடுகிறோம். உண்மைதான். கவுண்டமணி செந்திலை உதைத்த உதைகளையும் உருவத்தைச் சொல்லித் திட்டியவற்றையும் நம் வகுப்பறைகள் நன்றாகவே கற்றுக்கொண்டன. ஆனால் 1989 இல் வந்த ‘கரகாட்டக்கார’னின் வாழைப்பழக் காட்சி இன்றுவரை ஏன் நிற்கிறது? அங்கே அடி வாங்குகிறவன் ஒரே பதிலை அசையாமல் திருப்பித் திருப்பிச் சொல்லி அடிக்கிறவனைப் பைத்தியமாக்குகிறான். அந்தக் காட்சியில் வென்றது செந்தில். மற்ற உதைகளெல்லாம் பழசாகிவிட்டன.

பகிடியும் வலியும் ஒரே சொல்லுக்குள் வந்து குடியேறிய ஒரு விநோதத்தையும் பேசியாக வேண்டும். பல்கலைக்கழகங்களில் புதிய மாணவரை மூத்தவர்கள் படுத்தும் பாட்டுக்கு நம் நாட்டுத் தமிழ் வைத்த பேர் பகிடிவதை. சிங்களத்தில் அதற்கு ‘நவக வதய’ என்பார்கள், புதியவருக்குச் செய்யும் வதை. அங்கே சொல் வதைபட்டவரைப் பார்க்கிறது. பகிடி என்ற பேச்சே இல்லை. தமிழ்ச் சொல்லோ வதைப்பவரின் சாக்கை முன்னால் நிறுத்திவிட்டு, வதையைப் பின்னால் ஒட்டுகிறது. பகிடியால் வதை என்று விரிப்பதா, பகிடியாகிய வதை என்று விரிப்பதா, பகிடிக்காக வதை என்பதா? தொகைநிலைத் தொடர் படிப்பிக்கும்போது மாணவர்களிடம் இதைக் கேட்பேன். ஒவ்வொரு விரியும் ஒவ்வொரு வழக்கறிஞர் மாதிரிப் பேசும்.

1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தான். மறுவருடம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அச்சட்டம் பகிடிவதைக்குத் தரும் வரைவிலக்கணத்தை மொழி ஆசிரியர்கள் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். உடற்காயம், உளக்காயம், மன வேதனை, அச்சம் - இவற்றை உண்டாக்குகின்ற அல்லது உண்டாக்கக்கூடிய செயல் என்பதே அதன் சாரம். செய்தவர் பகிடியாகச் செய்தாரா என்ற கேள்வி அந்த வரையறைக்குள் இல்லை. “பகிடிக்குச் சொன்ன” என்ற வாசலைச் சட்டம் பூட்டிவிட்டது. பேச்சு வழக்கில் அது இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.

அந்தச் சட்டத்தில் ‘அச்சம்’ என்ற சொல்லைக் கண்டபோது எனக்கு அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்களோடு பயணம் போன தோழர்களில் ஒருவர் நித்திரையாகிவிடுகிறார். மற்றவர்களில் சிலர் அவரிடமிருந்த கயிற்றை எடுக்கிறார்கள். அவர் திடுக்கிட்டு எழும்புகிறார். விளையாட்டுத்தானே என்று அந்தச் சம்பவம் அப்படியே விடப்படவில்லை. ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகுமானதல்ல என்று நபியவர்கள் சொன்னார்கள். நித்திரையில் இருந்தவரால் திருப்பி எதுவும் செய்ய முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஹதீஸை மட்டும் பிடித்துக்கொண்டு சிரிப்பே கூடாது என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்கிற சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அதிகச் சிரிப்பு இதயத்தை மரணிக்கச் செய்யும் என்ற ஹதீஸையும் அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். அதில் ‘அதிகம்’ என்ற சொல் இருப்பதை மெல்லக் கடந்துவிடுவார்கள். நபியவர்கள் பகிடி பண்ணியிருக்கிறார்கள். சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், உமக்கு ஒட்டகத்தின் குட்டியைத் தருகிறேன் என்றார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வது என்று அவர் கேட்டார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்றார்கள். இதில் பொய் ஒரு துளியும் இல்லை. வந்தவர் கேள்வி கேட்டார், அதற்குப் பதில் கிடைத்தது, ஒட்டகமும் கிடைத்தது.

ஸாஹிர் (ரலி) பற்றிய அறிவிப்பு இதைவிட ஆழமானது. அவர் பாலைவனத்துக் கிராமவாசி. பார்வைக்கு அழகில்லாதவர் என்று அறிவிப்பிலேயே வருகிறது. சந்தையில் தன் பொருட்களை விற்றுக்கொண்டிருந்தவரை நபியவர்கள் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு, இந்த அடிமையை யார் வாங்குவார் என்று கேட்டார்கள். அடிமை என்பது அல்லாஹ்வின் அடிமை என்ற பொருளிலும் நிற்கும். அதிலும் பொய் இல்லை. தன்னைப் பிடித்திருப்பது யார் என்று தெரிந்துகொண்ட ஸாஹிர், அப்படியானால் நான் விலைபோகாத சரக்காகத்தான் இருப்பேன் என்று திருப்பிச் சொன்னார். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த புண் அந்தப் பதிலில் தெரிகிறது. அல்லாஹ்விடத்தில் நீர் மலிவானவரல்ல என்பது அவருக்குக் கிடைத்த மறுமொழி. பகிடி அந்த மனிதரின் வாயைத் திறந்தது. உள்ளே கிடந்ததை வெளியே எடுத்தது. பிறகு அதற்கு மருந்து போட்டது. திறனாய்வாளன் என்ற முறையில் நான் படித்த உரையாடல்களில் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு செய்த வேறொன்றைச் சட்டென்று சொல்ல முடியவில்லை.

சூரத்துல் ஹுஜுராத்தின் 11 ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. நம்மைப் பிறர் கேலி பண்ணும்போது இந்த வசனத்தை நாம் மறப்பதே இல்லை. ‘தொப்பி பிரட்டி’ என்ற சொல்லை இந்த நாட்டில் தமிழ் பேசும் எந்த முஸ்லிம் கேட்கவில்லை? அதைச் சொன்ன நல்ல நண்பர்களும் உண்டு. முகம் மாறியதைக் கண்டு “சும்மா பகிடிக்கு” என்றவர்கள்தான் அவர்களும். நாமும் சிரித்திருக்கிறோம். பஸ்ஸில், அலுவலகத்தில், பயிற்சி வகுப்பில் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறோம். இரண்டாம் வகைச் சிரிப்பு நமக்குப் பழக்கமில்லாத ஒன்றா?

அதே நாம் என்ன செய்கிறோம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் புத்தளத்துக்கு வந்தார்கள். வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்து வளர்ந்த பிறகும் ‘அகதி’ என்ற சொல் அவர்களை விட்டுப் போகவில்லை. தகராறில் வசவாகவும் கூட்டாளிகளிடையே பகிடியாகவும் அதைச் சொன்னவர்கள் நம்மவர்கள்தான். ஊருக்கு ஊர் பேச்சை நெளித்துச் சொல்லிச் சிரிப்பதை நான் குற்றமாக எடுக்கவில்லை. எல்லா ஊரும் எல்லா ஊரையும் பார்த்துச் சிரிக்கிறது, அது மச்சான் கணக்கு. பிள்ளை இல்லாத பெண்ணையும், கறுப்பென்று மாப்பிள்ளை தட்டிப்போன குமரையும், தகப்பனின் தொழிலையும் வைத்துச் சொல்லப்படுவது அந்தக் கணக்கில் சேராது. கல்யாண வீட்டில் முப்பது பெண்களுக்கு நடுவில் “உனக்கு எப்ப?” என்று கேட்கப்படுகிறவள் எதைத் திருப்பிச் சொல்வாள்? அவளும் சிரிப்பாள்.

விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்ற கருத்தைத் திருக்குறளின் ‘பண்புடைமை’ அதிகாரத்தில் காணலாம். அதைப் பல வருடம் படிப்பித்திருக்கிறேன், அந்தப் பொடியன் இருந்த வகுப்புக்கும் சேர்த்து.

அவனைப் போன வருடம் கண்டேன். பிரதான வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேர் வேலைக்கு நிற்கிறார்கள். நான் பல்பும் வயரும் வாங்கப் போனேன். அவன்தான் முதலில் அடையாளம் கண்டான். கதிரை எடுத்துப் போட்டு, பிளேன்டி எடுப்பித்து, வாப்பா மௌத்தானது, மூத்த பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போவது எல்லாம் சொன்னான். பில்லை அவன் கையாலேயே எழுதினான். மீதிக் காசை என் கையில் வைத்துவிட்டு, “சேர், எண்ணிப் பாருங்க. மடன் எண்ணின காசி” என்றான்.

வேலைக்கு நின்ற இரண்டு பொடியன்களும் எங்களைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். எண்ணாமல் காசைச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். அவன் விடவில்லை.

“இல்ல சேர், எண்ணுங்க.”

எண்ணினேன். சரியாக இருந்தது.